பரணில் கிடந்த பைகள்

என் ஓராள் அவையே, உயிர்த்துணைவரே!

கேளுங்கள்! நாற்பது பள்ளிப் பைகள் அறுந்து திரும்பின என்பதற்காகப் பட்டறையைப் பூட்டிவிட்டு, உங்கள் அக்கா வீட்டில் போய் அமர்ந்துகொண்டீர்களே, இது அறமா?

நேற்றுத் தொழில்முனைவோர் கூட்டத்துக்குத் தனியே சென்றேன். இருமுறை நொடித்து இருமுறையும் எழுந்த செருப்பு ஆலை அம்மையார் அருகில் அமர்ந்து நம் கதையைக் கேட்டார்.

"திரும்பி வந்த சரக்கை என்னம்மா பண்ணீங்க?"

"மானம் போகுதுன்னு மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டோம்."

"அடி அசடே! வாத்தியார் திருத்திக் குடுத்த தாளைப் பாக்காமலே ஒளிச்சு வைப்பியா? எங்க ஆலையில திரும்பி வந்த செருப்பு வாசல்லயே தொங்கும். அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் உள்ள போகணும், நான் உட்பட."

ஓடோடி வந்து மூட்டையை அவிழ்த்தேன். நாற்பதும் தோள்வார் சேரும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன! துணி கிழியவில்லை; உங்கள் தையலும் கோணவில்லை. நூல்தான் இற்றிருந்தது.

அந்த நூலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் ஆயிரவர் முன் அஞ்சாத என் நா இங்கே தடுமாறுகிறது. மலிவென்று அதை மாற்றியவள் நான். நீங்கள் உங்கள் கையையே பழித்தபோது வாய்மூடி நின்றவளும் நானே.

பழைய நூலில் ஒரு பை தைத்து, கல்லை நிரப்பித் தொங்கவிட்டேன். இன்னும் அறவில்லை! நாற்பது வீடுகளுக்கும் நாம் புதுப் பை கொண்டுசெல்ல வேண்டும். என் தையலோ பாம்பாய் நெளிகிறது. சினமிருந்தால் தையற்பொறியின் முன் அமர்ந்து தைத்துக்கொண்டே என்னைத் திட்டுங்கள். இன்றே, இந்நொடியே புறப்படுங்கள்!

பிழை செய்தும் தளராத,
உங்கள் இல்லாள்