நீள வால் பாசியும் அக்காவின் சாட்சியும்

ஜூன் 9, திங்கள்
வேலப்பன்சாவடியில் முக்கால் மணி நேரம் நெரிசல். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் உதவியாளர் உதயகுமார், "இன்னா மேடம், உங்க பாசிங்க காலையிலேர்ந்து காத்துகினு கீது" என்றார். கிண்டல்தான்!

காத்திருக்கட்டும். ஒரே செல், இரண்டு வால், அவ்வளவுதான் அந்தப் பாசி. வால் பன்னிரண்டு மைக்ரான் வளர்ந்ததும் நின்றுவிடும். அப்படி நிற்க ஒரு கைனேஸ் புரதம் வேண்டும். அது கெட்டுப்போனவற்றில் வால் பதினேழு வரை நீண்டுவிடுகிறது. அதே குடும்பத்துக் கைனேஸ்தான் ஃபெபிக்கும் பழுது. அக்கா மகள், நாலு வயது. தினமும் வலிப்பு. இன்னும் உட்காரவில்லை. இந்த ஆராய்ச்சித் தலைப்பை நான் எடுத்தது அவளுக்காக என்று கைடிடம் சொன்னதே இல்லை.

ஜூன் 12, வியாழன்
வால் குட்டையாகிவிட்டது! நாங்கள் சோதிக்கும் மருந்தைப் போட்ட நீள வால் பாசியில் சராசரி பதின்மூன்று!

உடனே அக்காவுக்குப் போன். ஒரே ஒரு தடவை அளந்ததைச் சொல்லலாமா? சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

ஜூன் 15, ஞாயிறு
அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல அக்கா பெயர் கொடுத்துவிட்டாளாம். "ஏசப்பா மருந்துக்கு வழி காட்டிட்டார்னு சபை முன்னாடி சொல்லப்போறேன்டீ. ஆவடி பூரா தெரியட்டும்." பாசி எங்கே, பிள்ளை எங்கே... "சரிக்கா" என்றுதான் சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்


எது மருந்து போட்டது என்று தெரியாமல் அளக்கத்தான் உதயகுமார் குழாய்களில் வெறும் எழுத்து மட்டும் எழுதியிருந்தார். ஆனால் மருந்து கலந்தது லேசாக மஞ்சளாக இருக்கும். எனக்குத் தெரிந்தே இருந்தது. இன்று நோட்டைப் புரட்டினால், 'மங்கல்' என்று நான் தள்ளிய மைக்ரோஸ்கோப் படங்கள் மருந்து போட்டதில் நாற்பத்தொன்று, மற்றதில் ஆறு. தள்ளியதெல்லாம் நீள வால்கள்.

வேண்டுமென்றா செய்தேன்? இல்லை. ஆனால் செய்திருக்கிறேன். அவசரக்குடுக்கை!

ஜூன் 19, வியாழன்
படங்களை எல்லாம் உதயகுமாரே கலைத்து எண் போட்டுக் கொடுத்தார். ஒன்றைக்கூடத் தள்ளாமல் அளந்தேன், மருந்து போட்டதையும் போடாததையும். பதினேழு. பதினேழு. மருந்து ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 20, வெள்ளி
ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அக்கா ஃபெபிக்குக் குழைத்த சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

"எட்டு நாளா நான் தூங்கினேன்டீ. நாலு வருஷத்துல இந்த எட்டு நாளுதான் தூங்கினேன்."

"தப்பு எம்மேலதான்கா."

"நீ ஊட்டுக்குப் போ, ஜாஸ்லின்." எப்போதும் ஜாஸு என்பாள்.

அயனம்பாக்கம் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூன் 21, சனி
அக்கா போனை எடுக்கவில்லை. சாட்சிக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கியிருப்பாள்.

ஜூன் 22, ஞாயிறு
வாங்கவில்லை. பாஸ்டர் கூப்பிட்டதும் ஃபெபியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"மருந்து கெடச்சிடுச்சுன்னு சொல்லத்தான் பேர் குடுத்தேன். கெடைக்கல. தான் அளந்தது தப்புன்னு எந்தங்கச்சியே வந்து சொல்லிட்டா. அவ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நாலு வருஷமா எல்லாரும் எனக்கு நல்ல வார்த்தையா சொல்லித்தான் அனுப்பினாங்க. இனிமே என்னிக்காவது இவ வந்து 'அக்கா, வேலை செஞ்சிடுச்சு'ன்னா நான் கண்ண மூடிகினு நம்புவேன். அந்த மாதிரி ஒருத்திய எனக்குக் குடுத்ததுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

இறங்கி நேராக என் வரிசைக்கு வந்தாள். ஃபெபியை என் மடியில் இறக்கினாள்.

"புடிடீ ஜாஸு. கை நோவுது."