மாதா முகத்தில் மட்டும் இருட்டு

செப். 3, புதன்
தூறல். குடை பள்ளியிலேயே. தலை ஈரம், நோட்டு ஈரம்.

மாதா திருவிழாவுக்கு இன்னும் ஐந்து நாள். கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைச் சுத்தம் செய்து தருவதாக அப்பா போன சனிக்கிழமையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். திண்டிவனத்தில் அவருக்குக் கண்ணாடி, அலுமினியக் கடை. மூன்று நாளாகக் கடையின் பின்னறைக்குப் பூட்டு.

"ஜன்னலப் பாக்கலாமாப்பா?"

"ஈரமா கீது. போய்ப் படி."

மூன்று நாளாக ஈரமா? அது கண்ணாடியா, கம்பளியா? அப்பா முகமே பாத்ரூம் ஜன்னல் மாதிரி. வெளிச்சம் தெரிகிறது, விஷயம் தெரியவில்லை.

மாலை மறைக்கல்வி. ஃபாதருக்கு அந்த ஜன்னல் புராணம்தான். பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததாம். "அங்க கோத்திக்னு ஒரு பாணியில கோயில் கட்ட ஆரம்பிச்சப்போ, கூரை பாரத்தைக் கூரான வளைவுக்கும் வெளிய இருக்கற முட்டுச் சுவருக்கும் கொடுத்துட்டாங்க. அதனால சுவரைத் திறந்து கண்ணாடி வைக்க முடிஞ்சுது. வெளிச்சமே கடவுளோட சாயல்னு நம்புனவங்க."

"அப்ப மழை நாள்ல கடவுள் லீவா ஃபாதர்?"

எனக்கு மீதி வகுப்பு வராந்தாவில்.

செப். 5, வெள்ளி
வெயில். கணக்கு டெஸ்ட், பேசாமல் விடலாம்.

அப்பா விழுப்புரம் போனார். கண்ணாடி ஓரத்தில் செருகும் ரப்பர் பீடிங் வாங்கவாம். கடையில் நாலு சுருள் தொங்குகிறது! திரும்பி வந்தபோது கையில் பேப்பர் சுற்றிய நீளக் குழல். பரண்மேல் போட்டார்.

"தொட்டியோ, கைய ஒடிச்சிடுவேன்."

அம்மா: "ஒங்கப்பா சோறே சரியா துன்னமாட்டேங்கறாரு. என்னாடி பண்ண நீ?"

நானா! ஃபாதர் பைக்கில் 'எல்' போர்டு ஒட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஊரில் தும்மல் வந்தாலும் நான்தானா?

சந்தேகங்கள்:
- ஜன்னலை விற்றுவிட்டார். (சான்ஸே இல்லை. கிடந்த பேனாவுக்கு ஓனர் தேடுகிறவர்.)
- உடைத்துவிட்டார்.
- அம்மாவும் கூட்டு. (இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்திருக்கும்.)

செப். 6, சனி
ஜன்னலை மாட்டியாயிற்று. உடையவில்லை. நீல முக்காடு, சிவப்பு அங்கி, நட்சத்திரம், எல்லாம் சரி. முகம் மட்டும் ரொம்பப் புதுசு.

"மாதா ஃபேஷியல் பண்ணிக்கினாங்களாப்பா?"

சிரிக்கவில்லை. என் படுமோசமான ஜோக்குக்கும் சிரிக்கிற மனுஷன். உறுதி, ஏதோ இருக்கிறது.

செப். 7, ஞாயிறு
முதல் பூசை. நல்ல வெயில். ஜன்னலுக்கு எதிர்த் தூணில் நீலம் விழுந்தது, சிவப்பு விழுந்தது. முகத்துக்கு எப்போதும் விழும் பால் மஞ்சள் இல்லை. தட்டு அளவுக்கு இருட்டு.

கண்ணாடியாக இருந்தால் வெளிச்சம் வரணுமே!

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அழுக்குன்னு ஆசிட் போட்டுத் தேச்சேன் பாப்பா. டைல்ஸுக்குப் போடறது. மூஞ்சி மட்டும் கண்ணாடி மேல பெயிண்ட்டால வரைஞ்சதாட்டம் கீது. துணியோட வந்துடிச்சி."

"இப்ப இருக்கறது?"

"ஸ்டிக்கரு. விழுப்புரத்துல பிரிண்ட் போட்டேன்."

எனக்குச் சிரிப்பே வரவில்லை.

"இருவது வருஷமா இந்தக் கோயிலு வேலைய என்னத் தவிர யார்கிட்டயும் குடுத்ததில்ல. திருவிழாவுக்கு வர்ற ஜனம் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? எவனுக்கும் தெரியாது, வுடு."

"தூணுல தெரியுதேப்பா."

அப்பா போய்க் கடை வாசலில் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நான் சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

செப். 8, திங்கள், திருவிழா
விடியற்காலை. அப்பா எழுப்பினார். "ஏணி புடிக்கணும், வா. ஜல்தி."

கோயிலில் ஜன்னலுக்கு ஏணி போட்டு ஏறினார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பு. மாதா முகம் சுருண்டு என் தலைமேல் விழுந்தது. மேலே வெறும் கண்ணாடி. கண் இல்லை, மூக்கு இல்லை.

சூரியன் ஏறியது. தூணில் நீலம், சிவப்பு, நடுவில் இருட்டு இருந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளை.

கூட்டம் வந்துவிட்டது. முன்வரிசை அக்கா ஒருத்தி: "ஐயையோ, மாதாவுக்கு மூஞ்சியக் காணோம்!"

ஃபாதர் அண்ணாந்து பார்த்தார். அடுத்து வேறெங்கும் தேடாமல் நேராக என்னைப் பார்த்தார்.

"ஜெனி! இங்க வா."

கையில் சுருண்ட ஸ்டிக்கர் வேறு. இரண்டடி வைத்திருப்பேன். அப்பா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அத்தனை பேரையும் தாண்டி முன்னால் போய் நின்றார்.

"அவ இல்ல ஃபாதர். நான்."