பசுவில்லாத பால் வந்து சேர்ந்தது

அன்பு மகள் பெய்ஷானுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் அப்பா சுகமாக இல்லை என்பது உனக்கே தெரியும், பொய் எதற்கு. பசு இல்லாமலே ஆய்வுக்கூடத்தில் செய்து நீ ஹாலந்திலிருந்து அனுப்பிய பால் மாவு போன வாரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் போனில் பேச முடியவில்லை, அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், உடம்பு உருகினாலும் காது மட்டும் பாம்புச் செவி. அதனால்தான் கடையைச் சாத்தி, சோயாப் பால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு என் சோயாப் பால் சேரவில்லை, இரண்டு வாய் போனால் வயிறு உப்பி அப்படியே வெளியே வந்துவிடுகிறது, ஊருக்கெல்லாம் ஊற்றுகிறேன் வீட்டுக்காரருக்கு ஆகவில்லை பார். உன் தம்பி போஹான் தைபேயிலிருந்து ஓட்ஸ் பால், பாதாம் பால், பட்டாணி மாவு என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தான், பட்டாணி மாவைக் குடித்துவிட்டு அப்பா, “என்னடா, ஆத்து மணலைக் கரைச்சுக் குடுக்கிறியா?” என்றார். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் பெண் பால் சத்துதான் இவருக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறாள், எடை ஏறாவிட்டால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பாவின் காற்சட்டை இப்போது கயிறு போட்டுக் கட்டினால்தான் நிற்கிறது.

உன் பொட்டலம் வந்ததும் முதலில் குதித்தவன் போஹான்தான். தோல் செருப்புப் போடமாட்டான், தேன்கூடத் தொடமாட்டான், அவனா சும்மா இருப்பான். “மாட்டுக்கிட்ட திருடக் கூடாதுன்னு விட்டோம்ல, அப்புறம் அதே ருசியை ஆய்வுக்கூடத்துல செஞ்சு நக்கணுமா? அக்காவுக்கு வேற வேலை இல்ல?” என்று கத்தினான். மறுநாள் அப்பாவைக் குளிப்பாட்டப் போனவன் அந்த விலா எலும்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “எந்த மாட்டுக்கும் நோகல இல்ல, குடிக்கச் சொல்லும்மா” என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. மடத்துத் துறவி சுயுன் அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன், பசு இல்லையென்றால் பாவமும் இல்லை, நோயாளிக்கு அது மருந்து என்று சொன்னதோடு நிற்காமல் வீட்டுக்கே வந்து அப்பாவிடமும் சொன்னார். அப்பா படுத்தபடியே கும்பிட்டு, “நீங்க சொன்னா சரிதான் தாயே” என்றார். கோப்பை அப்படியே ஆறி, மாவு அடியில் தங்கிப் போனது.

அன்றைக்கு நீ போனில், “அப்பாவுக்கு என்னைவிட எங்கேயோ இருக்கிற மாடு பெரிசாப் போச்சா?” என்று அழுதாயே, அது அவர் காதில் விழுந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாலை ஏன் விட்டார் என்று உன்னிடம் சொல்லக் கூடாதென என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், இனி அந்தச் சத்தியம் எனக்கு வேண்டாம்.

உனக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது, ஜியாயி ஆஸ்பத்திரியில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். அப்பா அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், வண்டியை விட்டு இறங்கினால் நேராகச் சந்தைக்குப் போய்ப் பப்பாளிப் பால் குடிக்காமல் வீடு வரமாட்டார், அதுவும் பப்பாளியைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் போடச் சொல்லி. அப்படிப்பட்ட மனிதர் கோயிலில் குவான்யின் தாயார் முன்னால் மண்டியிட்டு, “கறியை எல்லாருந்தான் விடுறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது பாலு, அதையும் உங்களுக்கே குடுத்துட்டேன், பிள்ளைய எனக்குக் குடுங்க” என்று நேர்ந்துகொண்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. நம் ஊரில் கறி சாப்பிடாதவர்களிலும் பாதிப் பேர் பால் குடிக்கிறவர்கள், டிப்போவில் “சாமியாருங்களே குடிக்கிறாங்க, நீ என்ன அவங்களுக்கும் மேல சாமியாரா?” என்று சீண்டுவார்கள், சிரித்துக்கொள்வார். நான் சோயாப் பாலில் பப்பாளி அடித்துக் கொடுத்தால் குடித்துவிட்டு, “பப்பாளி நல்லா இருக்கு” என்பார், அவ்வளவுதான். பசு மேல் இரக்கப்பட்டுப் பாலை விட்டார் என்று நீயாகவே நினைத்துக்கொண்டு, பசு இல்லாமல் பால் செய்யும் அந்தப் படிப்புக்கே போனாய், அவரும் உன்னைத் திருத்தவில்லை. பெருமையாக இருந்திருக்கும்.

சுயுன் அம்மா போன பிறகு அப்பாவோடு சண்டை போட்டேன். அவர் சொன்னார், “மாடு உண்டா இல்லையாங்கறது பெய்ஷான் பாடு. நான் மாட்டையா குடுத்தேன், பாலைத்தானே குடுத்தேன். இது பாலா இல்லையா, நீயே வாயில வச்சுப் பாரு.” வைத்துப் பார்த்தேன் மகளே. பால்தான், அசல் பால். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய், கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கக் கூடாதா. “குடுத்ததை நான் திரும்ப எடுத்துக்கிட்டா, அவங்களும் குடுத்ததைத் திரும்பக் கேப்பாங்கல்ல” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே கோயிலுக்குப் போய், சாமியிடம் குறி கேட்கப் போடும் பிறைக்கட்டைகளை எடுத்தேன். சீக்காளி பசுவில்லாத பால் குடிக்கலாமா என்று கேட்டுப் போட்டேன், ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து சம்மதமே விழுந்தது. ஓடிவந்து சொன்னால், “பிள்ள பேரைச் சொல்லிக் கேட்டியா?” என்று ஒரே கேள்வி. கேட்கவில்லை. மறுநாள் மறுபடி போய் உன் பெயர், பிறந்த நாள், ஹாலந்து முகவரி எல்லாம் முறையாகச் சொன்னேன், நேர்ந்ததைத் திரும்ப எடுத்தால் இவளுக்கு ஒன்றும் ஆகாதே தாயே என்று கேட்டுவிட்டு நின்றேன். கட்டையைப் போட முடியவில்லை. மாட்டேன் என்று விழுந்தால் பயம், சம்மதம் என்று விழுந்தால் அதைவிடப் பயம், அவர் குடித்துப் பிழைத்து, நாளைக்கு உனக்கு ஏதாவது ஒன்று ஆனால்? பின்னால் நின்றவள், “சீக்கிரம் போடுங்கம்மா” என்றாள். தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரைப் பிடிவாதக்காரர் என்று திட்ட இனி எனக்கு வாய் இல்லை. நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

மூட நம்பிக்கை என்று நீ கோபப்படுவாய், படித்தவள், நீ சொல்வது சரியாகவே இருக்கும். மிச்ச மாவைப் போஹானிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன், இன்னொரு பொட்டலம் அனுப்பாதே. அப்பா தேறுவார் என்று எழுத எனக்கும் ஆசைதான். டாக்டரும் இப்போது அடுத்த மாதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. முடிந்தால் புது வருஷத்துக்கு முன்னால் கிளம்பி வா, வந்தால் அவரிடம் வாதாடாதே, உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

குவான்யின் தாயார் உன்னை நூறு வயசு வைத்திருக்கட்டும், அதற்குத்தான் அப்பா வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். மழையில் சைக்கிள் ஓட்டாதே, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். வரும்போது வெறுங்கையோடு வா.

உன் அம்மா,
ஷியூலுவான்