படம் பிடித்தவருக்குப் படம் இல்லை

நேற்று நாமக்கல்லுக்குப் போயிருந்தேன். கடைவீதியில் புதிதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வந்திருக்கிறது. அதன் பக்கச் சாக்கடையில் ஹைப்போ தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். படம் கழுவுகிற அந்த மருந்தின் நாற்றம் மூக்கில் ஏறியதும் கால் அங்கேயே நின்றுவிட்டது. கூட வந்த தங்கை, "ஏனக்கா, சாக்கடையப் பாத்துட்டு நிக்கறே?" என்றாள். நீங்கள் படம் கழுவிய காலத்தில் நம் சமையலறையில் இதே நாற்றம்தான் வீசியது. ரசத்தில்கூட மருந்து வாடை வருகிறது என்று உங்களோடு சண்டை போடாத நாளில்லை. இப்போது அதற்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் அவள் சிரிப்பாள். அதனால் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது உங்களிடம் விட்டுப்போனதுதான் உங்கள் பெட்டிக் கேமரா. மார்போடு அணைத்து, குனிந்து பார்த்துப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் வெற்றிலைப் பெட்டியில் பாக்குத் தேடுவது போலிருக்கும். அந்தத் தைரியத்தில்தான் ஊர் ஊராகத் திரிந்தீர்கள். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ், ராசிபுரத்து மேட்டில் மூச்சு வாங்கி நிற்கும். எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். நீங்கள் மட்டும் தள்ளாமல் தள்ளுகிறவர்களைப் படம் பிடித்து, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். "ஊருக்கெல்லாம் ஒரு வேலை, உங்களுக்கு ஒரு வேலை" என்று நானும் என் பங்குக்குச் சொல்வேன்.

சேந்தமங்கலம் சந்தைக்கு ஒருமுறை நானும் வந்தேன். நம்மவர்கள் குடியிருக்கும் தெரு வழியாக ஒருவர் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். தலையில் புல்லுக்கட்டு, காலடியில் கொதிக்கிற மண். அந்தத் தெருவில் அவர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. நானும் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். நீங்கள் குனிந்தீர்கள். உங்கள் ஒன்றுவிட்ட மாமா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளே, போறவன் வாறவனெயெல்லாம் எதுக்குங்க புடிக்கறீங்க? உள்ள வாங்க, எங்கய்யனெப் புடிங்க."

"உங்கய்யனெப் பாக்க ஊரே இருக்குதுங்க மாமா. இவரெ ஆருங்க நிமுந்து பாத்தாங்க?"

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் என்னிடம் சொன்னது வேறு: "அந்தப் புல்லுக்கட்டுக்காரருங்கூட என்னெ நிமுந்து பாக்கலெ புள்ளே. நிமுந்தா அடி உழுகும்னு பழகிப்போச்சு."

அந்த அய்யன், மாமாவின் அப்பா, அடுத்த ஆடியில் செத்துப்போனார். படம் பிடிக்க உங்களைக் கூப்பிட ஆள் வந்தது. அந்த மாமா மாதிரி ஒன்றிரண்டு பேர் தவிர, நம் பக்கத்தில் உயிரோடு இருப்பவரைப் படம் பிடிக்க விடமாட்டார்கள், ஆயுசு குறையும் என்பார்கள். செத்தால் மட்டும் நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் மக்களும் பேரன்களும் நிற்கப் படம் எடுப்பார்கள். நீங்கள் தட்டிக்கழித்து வந்த வேலை. சொந்தத்துக்குள் மறுக்க முடியவில்லை. பிணம் சரியாமலிருக்கத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தார்களாம். படத்தில் கண்ணைத் திறந்த மாதிரி மையால் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதித் தந்தீர்கள். அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த நீங்கள் சோற்றைத் தொடவில்லை. என் கையைப் பிடித்து, "நானு போயிட்டா என்னெ இப்படிக் கட்டிவெச்சுப் படம் புடிக்க உட்ராதே. சத்தியம் பண்ணு" என்றீர்கள். பண்ணினேன். விளையாட்டுப் போலத்தான் பண்ணினேன்.

இன்னொரு சத்தியம் அதற்கு முன்பே இருந்தது. நீங்கள் கேமராவைத் தொட்ட அன்றே அத்தை உங்களைக் குலதெய்வத்தின் முன் நிறுத்தி, "நீ ஆரெ வேணாப் புடி சாமி. உன்னெ ஆரும் புடிக்கக் கூடாது. எனக்கு நீ ஒத்தெப் புள்ளெ" என்று வாங்கிக்கொண்டது. நான் ஒருமுறை ஆசையாகப் பெட்டியை உங்கள் பக்கம் திருப்பியபோது கையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். அம்மாவுக்குப் பயந்த பிள்ளை என்று கேலி செய்தேன்.

காய்ச்சல் வந்து, தெளிவது போல் தெளிந்து, ஒரு விடியலில் போய்விட்டீர்கள். நாற்காலி வந்தது. மாலை வந்தது. பெட்டியைக் கையாளத் தெரிந்த ஆள் அந்த ஊரில் நான் ஒருத்திதான். அத்தை என் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்முணி, ஒரே ஒரு படம். எம்பையன் மூஞ்சி எனக்கு வேணுஞ்சாமி."

"உசுரோட இருந்தப்ப உட்டீங்களா அத்தை?" என்று கத்தினேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் ஆத்திரம் வந்தது. அதைவிட, நாற்காலியில் சாய்ந்த உங்களைப் பெட்டிக்குள் பார்க்க எனக்கு நெஞ்சில் தெம்பில்லை. பெட்டியை எடுக்கவில்லை. ஊர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றது. அத்தை எழுந்து போய் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார், அதுதான் தாங்கவில்லை.

அதன் பிறகு நானும் அத்தையும் மட்டுமே அந்த வீட்டில் இருந்தோம். நீங்கள் பிடித்த முகங்கள் தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. பஸ் தள்ளியவர்கள், நெய்க்காரப் பெண்கள், கக்கத்தில் செருப்பு வைத்தவர். அவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். உங்களை நினைத்தால் பெட்டிமேல் குனிந்த உச்சந்தலையும், கறை படிந்த விரல்களும், குரலும் வருகின்றன. முகம் வரமாட்டேன் என்கிறது. செருப்பைக் கையில் பிடித்த மனிதரை இப்போது வழியில் கண்டால் நின்று முகத்தைப் பார்க்கிறேன். நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.

போன மாசியில் அத்தையும் போய்விட்டார். கடைசியில் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு பகலில் தெளிவாக விழித்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அம்முணி, எம்பையனுக்கு மச்சம் எந்தக் கன்னத்திலெ? எனக்கு மறந்துபோச்சு சாமி."

பெற்றவர் கேட்கிறார். கூட வாழ்ந்தவள் நான். எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

"எடது கன்னத்திலெங்க அத்தை" என்றேன்.

"ஆமா, எடதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஏனுங்க, நான் சொன்னது சரிதானுங்களா?