கொடுவாத் தலையும் கம்ப்யூட்டர் கன்சல்டண்டும்

7 ஜனவரி 1974, திங்கள்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாற்பத்தேழு வயசு, ராயபுரத்தில் ஐஸ் பேக்டரி முதலாளி, கோயிலில் முன்வரிசைப் பெஞ்சுக்காரன் — இப்பேர்ப்பட்ட ஸ்டானிஸ்லாஸ் இன்று காலை தண்டையார்பேட்டையில் அடுத்தவன் மதிலை எட்டிப் பார்க்கத் தார் டிரம் மீது ஏறி, டிரம்மோடு உருண்டேன். பாதி வேட்டி மதில் ஆணியில் தங்கிவிட்டது. ஒரு லாரி கிளீனர் வந்து நின்றான்.

"இன்னா சார் தேடறே?"

"பூனை."

"ராயபுரத்துப் பூனை இம்மாந்தூரம் வருமா?"

என்னைத் தெரிந்தவன் போலிருக்கிறது.

அந்த அடுத்தவன் அருள்பிரகாசம். என் சகலை, என் மனைவி இருதயம்மாளின் தங்கையைக் கட்டியவன். துறைமுகத்துக்குச் சொந்த லாரிகள் விடுகிறான். லாரிக் கணக்கைச் சீர்செய்யக் கம்ப்யூட்டர் கன்சல்டண்ட் ஒருவரை அமர்த்தியிருக்கிறானாம். நேற்று மாமியார் வீட்டில் சொன்னான். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கேதான் சாப்பாடு. மாமியார் சிலுவையம்மாள் கொடுவா மீன் குழம்பு வைப்பாள். தலை யார் தட்டில் விழுகிறதோ அவன்தான் அந்த வீட்டில் ஒசத்தி. பதினாறு வருஷமாக என் தட்டில் விழுந்த தலை. நேற்று அருள் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கரண்டி என்னைத் தாண்டிப் போய்விட்டது.

மதிலுக்கு அப்பால் கம்ப்யூட்டர் எதுவும் தெரியவில்லை. டை கட்டிய ஒருவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

13 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் அருள். "நம்ம கன்சல்டண்ட் காபிக்குச் சர்க்கரை போட்டுக்க மாட்டாரு அண்ணாத்தே." இன்றிலிருந்து எனக்கும் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலமே சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

4 பிப்ரவரி, திங்கள்

நேற்றும் தலை அவனுக்கே. ரிக்‌ஷாவில் திரும்பும்போது இருதயம் ஆரம்பித்தாள். "அருள் தம்பியப் பாருங்க, காலத்துக்கு ஏத்தாப்ல போவுது. நீங்க இன்னும் ஐஸை ஒடச்சிக்கினு கீறீங்க." ஐஸ் பேக்டரியில் ஐஸை உடைக்காமல் வேறு எதை உடைப்பது? அருளின் மண்டையையா?

இன்று பாரிமுனைக்குப் போய் அதே கன்சல்டண்டைப் பிடித்துவிட்டேன். பெயர் பாஸ்கல். முப்பது வயசு இருக்கும். பஜ்ஜி தின்ற அதே டை. அருளுக்குத் தெரியக்கூடாது, ஐஸ் ஏற்றும் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று பேச்சு. அவன் கேட்ட பீஸை இங்கே எழுதமாட்டேன். இந்த நோட்டை இருதயம் எடுத்துப் படிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

9 பிப்ரவரி

கம்ப்யூட்டருக்காக ஓர் அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, சூசையப்பர் படமும் மாட்டி வைத்திருந்தேன். பாஸ்கல் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"மெஷின் இங்க வராது சார். மவுண்ட் ரோட்டுல ஒரு கம்பெனியில இருக்கு. நம்ம கணக்கை அட்டையில ஓட்டை போட்டு அங்க எடுத்துக்கினு போவணும்."

"அப்ப இங்க இன்னாதான் வரும்?"

"நான்தான் வருவேன்."

ஆக, அருளிடம் இருப்பதும் இந்த ஆளும் இந்த டையும் மட்டும்தான். இதற்கா என் தலை போனது?

14 பிப்ரவரி

பாஸ்கல் காலையிலிருந்து கேள்வி கேட்கிறான். போர்மேன் கோதண்டத்திடம், "நேத்து ராத்திரி ஸ்டாக் எவ்ளோ இருந்துச்சு?"

"ஸ்டாக்கா? சாக்கடையாண்ட போயி பாரு சார், ஓடிக்கினு கீது."

பாஸ்கல் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டான். மதியம் முழுக்க ஐஸ் கிடங்கின் கதவருகே உட்கார்ந்து இடுக்கில் கை வைத்துப் பார்த்தபடி இருந்தான். கோதண்டம் என் காதருகே வந்து, "நைனா, இவுரு கம்ப்யூட்டரா வைத்தியரா? கதவுக்கு நாடி புடிக்கிறாரு" என்றான்.

26 பிப்ரவரி, செவ்வாய்

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணாம் சார். கதவு ரப்பர் செத்துப்போச்சு. அதை மாத்துங்க, உருகறது பாதியா கொறையும்."

எனக்கு அழுகை வராத குறை. ரப்பர்! ஞாயிற்றுக்கிழமை மாமியார் முன்னால் நின்று, அருள் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான், நான் ரப்பர் வைத்திருக்கிறேன் என்றா சொல்வது? பாஸ்கலிடம் கெஞ்சினேன். கம்ப்யூட்டர் வேண்டாம் சரி, நீ மட்டும் வந்து போய்க்கொண்டிரு. கையில் நீளமாக ஏதாவது காகிதம் இருக்கட்டும். ஞாயிறு சாப்பாட்டுக்கும் வா.

சரி என்றான். "உங்க பேமிலியில எல்லாருமே இப்படித்தானா சார்?" என்றும் கேட்டான். எனக்கு விளங்கவில்லை.

3 மார்ச், ஞாயிறு

பாஸ்கலோடு போய் இறங்கினேன். அருளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அண்ணாத்தே, அவுரு நம்ம கன்சல்டண்டாச்சே."

"இப்ப எனக்கும் நம்மதான்."

பந்தி போட்டதும் மாமியார் கரண்டியோடு வந்தாள். எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை.

"தம்பி எந்தப் பங்கு, எந்தக் கோயிலு?"

"பெரம்பூரும்மா. அப்பா ரயில்வேல இருந்தாரு."

"கல்யாணம் ஆயிடிச்சா?"

"இல்லீங்க."

கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு கொடுவாத் தலை பாஸ்கலின் தட்டில் இறங்கியது. அருள் என்னைப் பார்த்தான். நான் அருளைப் பார்த்தேன்.

கடைசி மச்சினி அடைக்கலமேரி தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் கேள்வி கேட்டே விரட்டியவள்.

"உங்க மெஷின் தப்பு பண்ணா யாரு பொறுப்பு?"

"நான்தாங்க."

அதன் பிறகு அவன் டம்ளர் காலியாகவே இல்லை.

கை கழுவும் குழாயடியில் அருள் என்னை உரசிக்கொண்டு நின்றான். "உன்னாண்ட இன்னா சொன்னான் அண்ணாத்தே?"

"ரப்பர். உன்னாண்ட?"

"டயர். காத்து சரியா புடிச்சாலே போதுமாம், கம்ப்யூட்டர் வேணாமாம்." குரலை இன்னும் இறக்கினான். "யாராண்டயும் சொல்லாத. சும்மா வந்து போய்கினு இருன்னு நான்தான் துட்டு குடுத்துக்கினு கீறேன்."

18 மார்ச்

கதவுக்கு ரப்பர் போட்டாயிற்று. ஐஸ் நிற்கிறது. வயிறு எரிகிறது.

29 மார்ச்

வேலை முடிந்தது, பீஸையும் நிறுத்திவிட்டேன். ஆனாலும் பாஸ்கல் இன்று வந்தான், நீளக் காகிதத்தை மறக்காமல். அடைக்கலத்துக்குப் பகல் டூட்டியா ராத்திரி டூட்டியா என்று காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

5 மே, ஞாயிறு

இன்று நிச்சயம் முடிந்தது. கல்யாணம் ஆவணியில்.

"பெரிய மாப்ளே, சின்ன மாப்ளே, ரெண்டு பேரும் கொஞ்சம் நவுந்து குந்துங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் பாஸ்கலை நடுவில் உட்கார வைத்தாள். தலை அவனுக்கு. கண்ணைக்கூட விடாமல் உறிஞ்சித் தின்றான்.

"இவன இங்க இட்டாந்தது நீதான்" என்றான் அருள். வெறும் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான். குரலில் உண்மையான துக்கம்.

துக்கம் இருக்கத்தானே செய்யும். எனக்கு மீன் தலை ஆகாது. அது முழித்துப் பார்ப்பது பயம். பதினாறு வருஷமும், மாமியார் ரசம் எடுக்க உள்ளே போனதும், தலையை அருள் தட்டுக்குத்தான் தள்ளிவிட்டிருக்கிறேன்.