ஊசி முனை

பீர், இமாச்சலப் பிரதேசம்
5.9.2005

அன்புள்ள வாணிக்கு,

நான் நலம். நீயும் அக்ஷராவும் அப்பாவும் அம்மாவும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

பின்னாலேயே ஒரு பார்சல் வரும். அது என் ஹார்னஸ், பாராகிளைடரில் நான் உட்கார்ந்து பறக்கும் இருக்கை. அதன் அடியில் ஒரு பை இருக்கும். மேலே விரிந்திருக்கும் இறக்கை மடங்கிக்கொண்டால் உருவி வீசுகிற ரிசர்வ் பாராசூட்டை அதற்குள்தான் வைப்போம். பாராசூட் என்னிடம் இருக்கிறது. பையில் ஒரு சாண் தையல் பிரிந்துவிட்டது. இங்கே தையல்காரர்கள் கோட்டுத் தைப்பவர்கள், நம் பனியன் யூனிட்டில் தைக்கும் ராக்கையா அண்ணனின் கை யாருக்கும் வராது. நூலும் அனுப்பியிருக்கிறேன், அதிலேயே தைக்கச் சொல்.

கூடவே ஒரு தாள் இருக்கும். இங்கே நான் காத்திருக்கிற போட்டி அக்டோபர் 24ஆம் தேதி, மலை தாண்டி மலை, ஐம்பது கிலோமீட்டர். கல்யாணம் ஆனவர்கள் மனைவியிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டுமாம். உயிருக்கு ஆபத்து உண்டென்று எனக்குத் தெரியும், யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்று அதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கோபப்படாதே.

அன்புடன்,
சசி


முதலிபாளையம், திருப்பூர்
12.9.2005

அன்புள்ள அக்ஷரா அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். பார்சல் வந்தது. யூனிட்டே கூடி நின்று பார்த்தது. அதில் உட்கார்ந்து பார்த்தே தீருவேன் என்று உங்கள் மகள் ஒரே அழுகை. உட்கார வைத்துக் கொக்கி மாட்டினேன். "அம்மா, மேலே போனா அப்பாவுக்கு நம்மூடு தெரியுமா?" என்றாள். தெரியுமா? நம் வீடு தெரிகிறதா என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்விகள் நிறைய இருக்கின்றன. மேலே குளிருமா? என்ன சத்தம் கேட்கும்? மூன்று மணி நேரம் பறக்கிறீர்களே, ஒண்ணுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

தாளைப் படித்தேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்று போட்டிருக்கிறதே, உங்களையுமா?

நம் செக்கிங் டேபிளில் குழந்தைத் துணிகளின் குற்றங்களை மூன்றாகப் பிரிப்போம் அல்லவா. நூல் தொங்கினால் சின்னக் குற்றம், நூற்றுக்கு நாலு இருந்தாலும் மொத்த லாட்டும் பாஸ். தையல் பிரிந்திருந்தால் பெரிய குற்றம், இரண்டோ மூன்றோ வரைக்கும் விடுவோம். குழந்தையின் உடம்பில் குத்துகிற மாதிரி எது இருந்தாலும் அதற்கு அனுமதி பூஜ்யம். உங்கள் விளையாட்டில் நூறு பேர் மேலே போனால் எத்தனை பேர் கீழே நடந்து வருகிறார்கள்? உண்மையான கணக்கைச் சொல்லுங்கள்.

மாமாவிடம் தாளைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாமலே, "சோத்துக்கு இல்லாமயா கண்ணு அவன் பறக்கப் போனான்?" என்று தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
இன்னும் கையெழுத்துப் போடாத,
வாணி


பீர்
19.9.2005

அன்புள்ள வாணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று வருடமாகப் பறக்கிறேன், "ஏன் போகிறாய்" என்று எல்லோரும் கேட்டார்கள். என்ன சத்தம் கேட்கும் என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

இன்ஜின் கிடையாது. கயிறுகள் காற்றில் மெதுவாக விசில் அடிக்கும். கீழே நாய் குரைப்பது ஆச்சரியமாக மேலே கேட்கும். கழுகுகள் பக்கத்தில் வந்து, யாருடா நீ என்று பார்த்துவிட்டுப் போகும். கழுகு வட்டமிடும் இடத்தில்தான் வெயில் காற்று மேலே ஏறும், நாங்களும் அங்கே போய்ச் சுற்றுவோம். குளிரில் விரல் மரத்துவிடும். ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொள்வோம், வேறென்ன செய்ய! நம்மூடு தெரியாது என்று கண்ணுவிடம் சொல். ஆனால் நினைப்பு வரும்.

நீ கேட்ட கணக்கு. போன வருடம் இங்கே அறுபது பேர் பறந்தோம். ஒருவர் திரும்பவில்லை. உன்னிடம் மறைத்தது தப்புதான்.

அப்பா அறுபத்து மூன்று வயதில் வெறுங்காலோடு வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுகிறார். வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. சாமிக்காகப் போனால் பக்தி, எனக்காகப் போனால் கொழுப்பா? சண்டைக்குச் சொல்லவில்லை, எனக்கே விடை தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். நான் தைரியசாலி இல்லை. கயிறு கட்டினவன், பாராசூட் மடித்தவன், பை தைத்தவன் எல்லோரும் என்னிடம் உண்மை பேசுகிறார்கள் என்று நம்பித்தான் மலை விளிம்பில் ஓடுகிறேன். அந்த நம்பிக்கை போனால் மொட்டைமாடியில்கூட நிற்க மாட்டேன்.

அன்புடன்,
சசி


முதலிபாளையம்
26.9.2005

அன்புள்ள அக்ஷரா அப்பாவுக்கு,

நலம். ஒரு கெட்ட செய்தி.

ராக்கையா அண்ணன் பழக்க தோஷத்தில் பனியனுக்குப் போடும் மெல்லிய ஊசியிலேயே பையைத் தைத்துவிட்டார். முக்கால்வாசி போனதும் ஊசி உடைந்தது. நம் யூனிட் முறைதான் உங்களுக்குத் தெரியுமே. குழந்தைகள் துணி என்பதால், உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துளி குறைந்தாலும் அந்தத் துணி வெளியே போகக் கூடாது.

இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. ஊசி தேடுகிற மெஷினில் ஹார்னஸை விட்டால் கொக்கியெல்லாம் இரும்பு, கத்திக்கொண்டே இருக்கிறது. முனை பைக்குள் இருந்து, மடித்த பாராசூட்டைக் கிழித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஹார்னஸை அனுப்பவில்லை. தாளும் மேசையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
வாணி


பீர்
3.10.2005

அன்புள்ள வாணிக்கு,

படித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இருபதாம் தேதிக்குள் ஹார்னஸைக் காட்டாவிட்டால் போட்டிப் பட்டியலில் என் பெயரை அடித்துவிடுவார்கள். என் எடைக்குப் பொருத்தமாக இரவல் வாங்கிக்கொள்ள இங்கே யாரிடமும் வேறொன்று இல்லை. புதிதாக வாங்கினாலும் வந்து சேராது.

ஆனாலும் நீ செய்ததுதான் சரி. போகாதே என்று நீ எழுதியிருந்தால் பத்துப் பக்கம் வாதாடியிருப்பேன். முனை கிடைக்கவில்லை என்றால் பேச்சே இல்லை. கூட இருப்பவர்களிடம் சொன்னேன். இப்படிச் செக் பண்ணுகிற ஆளை எங்களுக்கும் அனுப்பு என்கிறார்கள். என் மனைவி பொய் சொல்ல மாட்டாள் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ராக்கையா அண்ணனைத் திட்டாதே.

அன்புடன்,
சசி


முதலிபாளையம்
9.10.2005

அக்ஷரா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தின் அடியில் டேப் ஒட்டியிருக்கும். உற்றுப் பாருங்கள். அதுதான் ஊசி முனை.

ஊசி உடைந்த அன்றைக்கு மத்தியானமே கிடைத்துவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம், பைக்குள் கையை விட்டேன், விரலில் குத்தியது. எடுத்து என் குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐயோ, எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா! சண்டை இல்லை, அழுகை இல்லை, நீங்கள் தரையிலேயே இருப்பீர்கள்.

ராக்கையா அண்ணன் காந்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மெஷினுக்கு அடியில் தவழ்ந்தார். "யக்கா, பதினெட்டு வருசத்துல ஒத்த முனையத் தொலைச்சதில்லையே, எங்குட்டுப் போச்சுன்னு தெரியலையே" என்று கண் கலங்கினார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ரிஜிஸ்டரில் அவர் பெயர் உள்ள பக்கத்தில் முனை இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தது, பொய் சொல்ல மாட்டாள் என்று. என்னை மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் புரிந்துகொள்ளுங்கள், பயந்து போயிருந்தேன்.

தையலை முழுவதும் பிரித்து, தடித்த ஊசியில் திரும்பத் தைக்கச் சொன்னேன். உள்ளும் வெளியும் நானே செக் பண்ணினேன். ஹார்னஸ் இன்று கூரியரில் வருகிறது, பதினைந்தாம் தேதிக்குள் கிடைக்கும். அதில் ஒரு குற்றமும் இல்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.

தாளில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நிபந்தனை. நீங்கள் திரும்பி வரவில்லை என்றால் நான் அக்ஷராவிடம் என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை. நீங்களே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள், நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். அது வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்புகிறேன். இந்தத் தடவை பொய் இல்லை.

வாணி


பீர்
17.10.2005

வாணி,

ஹார்னஸ் வந்தது. கோபம் வந்தது. எனக்காக வந்ததைவிட ராக்கையா அண்ணனுக்காக அதிகம் வந்தது. ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அப்புறம் பையைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு நேரான தையலை நான் பார்த்ததில்லை. பறக்கவிடக் கூடாது என்று நினைத்தவள், பறந்தால் விழக் கூடாது என்று தைக்க வைத்திருக்கிறாய். கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை.

உன் நிபந்தனைதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. அன்புள்ள அக்ஷரா கண்ணுக்கு, அப்பா வரவில்லை, ஏனென்றால் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. காற்று மாறிவிட்டது என்று எழுதினால் குற்றம் காற்றின் மேல் போகிறது. கயிறு என்று எழுதினால் கட்டினவன் மேல் போகிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் ஒரே வரிதான் மிஞ்சுகிறது, அப்பாவுக்கு ஆசையாக இருந்தது. உண்மை அதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதை எழுதக் கை வரவில்லை. நாலு தாள் கிழித்தேன்.

போட்டியிலிருந்து பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், நேற்றும் கழுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் இருக்கும் கையெழுத்துத் தாளைக் கிழிக்காதே, பீரோவில் இருக்கட்டும். என்றைக்காவது அந்த வரியை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் அன்றைக்குக் கையெழுத்துக் கேட்கிறேன்.

முனையை இத்துடன் திருப்பி ஒட்டியிருக்கிறேன். முதல் வேலையாக ராக்கையா அண்ணனைக் கூப்பிட்டு, எங்கே கிடைத்தது என்று உன் வாயாலேயே சொல்லி, அவர் கையாலேயே ரிஜிஸ்டரில் ஒட்டச் சொல். நான் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

சசி