மஞ்சள் மழைக்கோட்டுச் சீட்டு

அன்பு மகள் நயேலிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அந்தப் படகுத்துறை ஊர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்கக் கன்னி மாதா துணையிருக்கட்டும். ஆப்பிள் பறிப்பு முடியப்போகிறது, அப்பாவுக்கு இடுப்பு வலி, தைலம் தேய்க்கச் சொன்னால் எரிந்து விழுகிறார். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போன சனிக்கிழமை நூலகத்தில் ஸ்பானிய மொழி பேசும் நம் ஜனங்களின் மரபு விழா. கூடவே மற்ற ஜனங்களும் சேரட்டும் என்று லொத்தேரியா படச்சீட்டு ஆட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு சீட்டு வரைந்து தரச் சொல்லியிருந்தாள் நூலகத்து மார்செலா. நான் தாமலே வேகும் பானை வரைந்தேன், சல்வதோர்க்காரி ஒஃபேலியா தன் ஊர்ப் புபூசா ரொட்டி, பஞ்சாபிக்காரர் ஹர்ஜீத் தன் டிராக்டர். சீட்டை எடுத்துக் கூப்பிடுகிற வேலை எனக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேலி சொல்லிக் கூப்பிட்டேன், கூடம் முழுக்கச் சிரிப்பு, எல்லாரும் தங்கள் அட்டையில் நான் கூப்பிட்ட படத்தின் மேல் மொச்சை வைத்துக்கொண்டே வந்தார்கள். பாதி ஆட்டத்தில் ஒரு சீட்டு வந்தது. கருத்த தண்ணீர், மரப் படகுத்துறை, மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. இடது காலில் சாய்ந்து நிற்கிற அந்த நிற்பு எனக்குத் தெரியாதா, கண்ணு? சீட்டின் பின்பக்கம் வரைந்தவர் பேர் இல்லை. "என்னக்கா, சீட்டு கடிச்சிடுச்சா? கூப்பிடுங்க" என்றாள் ஒஃபேலியா. நான் அதை மடியில் ஒளித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து, "இன்னும் அவளக் கூப்பிடலையே" என்று மெதுவாக ஒரு குரல். எல்லாரும் திரும்பினோம். நாற்காலி காலி. முன்னால் ஒரு அட்டை, எல்லாக் கட்டத்திலும் மொச்சை, உன் படத்தில் மட்டும் இல்லை. "நான் அச்சடிச்சதுல இப்படி ஒரு அட்டையே இல்லையே" என்று மார்செலா முகம் வெளுத்தாள்.

சீட்டை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்பா பார்த்தார். "நம்ம பொண்ணுதான். ஆனா அவகிட்ட மஞ்சள் கோட்டு ஏது?" என்றார். உனக்கு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. சும்மா உட்கார முடியாமல், பானைக்கு வாங்கிய வண்ணத்தில் மிச்சம் இருந்ததை எடுத்து, உன் பக்கத்தில் என்னை வரைந்தேன், உன் முகத்தைப் பார்த்தபடி, உன் கையைப் பிடித்தபடி. எனக்கு வரையத் தெரியுமா, என் கை உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. மறுநாள் நீ பேசினாய். வீட்டுக்காரம்மா இரவல் தந்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு முந்தின நாள் சாயங்காலம் துறையில் நின்றதாகவும், "யாரோ கையப் புடிச்சு இழுத்தாங்கம்மா, படகு போயிடுச்சு, திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல" என்றும் அலுத்துக்கொண்டாய். கோட்டு என்ன நிறம் என்று கேட்டேன், மஞ்சள் என்று சிரித்தாய். படகு பத்திரமாகத்தான் அக்கரை சேர்ந்தது என்றும் நீயே சொன்னாய். அப்படியானால் உன்னை எதிலிருந்து இழுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

போனை வைத்ததும் சீட்டை வைத்திருந்த இழுப்பறையைத் திறந்தேன். சீட்டில் நீ இல்லை. துறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, நான் மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறேன், அந்த உருளைக்கிழங்குக் கையில் ஒன்றுமில்லாமல். அப்பா, "எரிச்சிடு" என்கிறார். உள்ளே நான் இருக்கும்போது எப்படி எரிப்பது? வருகிற சனிக்கிழமையும் ஆட்டம் உண்டாம், எல்லாச் சீட்டும் வேண்டும் என்று மார்செலா நேற்றுக் கேட்டாள். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. கம்பளிச் சட்டை அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, கிறிஸ்துமசுக்கு எப்படியும் வா. மாதா தன் போர்வைக்குள் உன்னை வைத்துக் காக்கட்டும், நூறு வயது இரு. ஒன்று மட்டும் மறக்காதே: துறையில் என்னைப் போல் யாராவது நின்றால், உன் பேரைச் சொல்லியே கூப்பிட்டாலும், கிட்டே போகாதே. நான் இங்கேதான், அடுப்பங்கரையில் இருக்கிறேன்.

உன் அம்மா,
எவுஃபேமியா